கியர் போடும் கம்ப்யூட்டர்: கழற்றுவதற்கு முன்

கிளட்ச் பெடல் இல்லாத கார்களை இப்போது எங்கள் குலசேகரம் பக்கமும் பார்க்கலாம். 2014ல் மாருதி செலிரியோ ஏ.எம்.டி. வசதியுடன் வந்த பிறகு இவை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டின. ஏ.எம்.டி. காரின் உள்ளே இருப்பது வழக்கமான மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை இயக்குவதும் கியரை மாற்றுவதும் மட்டும் ஆக்சுவேட்டர்களின் வேலை. அவற்றுக்கு உத்தரவு கொடுக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்தான் டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக டி.சி.எம்.

உறவினர் ஒருவரின் கார் அடைமழையில் நியூட்ரலிலேயே நின்றுவிட்டது. ஸ்கேனரில் வந்த கோட் யு0101. ‘டி.சி.எம். போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில்.

ஆனால் யு0101 சொல்வது, டி.சி.எம்.முடன் தொடர்பு கிடைக்கவில்லை என்பதை மட்டுமே. நெட்வொர்க்கில் ஒரு பிசி, பிங் கட்டளைக்குப் பதில் தராவிட்டால் உடனே மதர்போர்டையா மாற்றுவோம்? பவரையும் கேபிளையும்தானே முதலில் பார்ப்போம்! இங்கும் அதேதான்.

கோடைக் குறித்துக்கொள்ளாமல் அழித்துவிடாதீர்கள். என்ஜினை நிறுத்திய நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பிறகு டி.சி.எம். ஃபியூஸ். இக்னிஷனை ஆன் செய்து, பேட்டரி நெகட்டிவுக்கும் மாட்யூலின் எர்த் பின்னுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் எர்த் இணைப்பில் கோளாறு.

அடுத்தது கேன் பஸ். பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகப்படுத்திய இந்த இரட்டை வயர் வழியாகத்தான் காரின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்கின்றன. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள ஓ.பி.டி. சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து 60 ஓம் காட்டும். 120 வந்தால் ஒரு பக்கம் தொடர்பில்லை. பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். கேட்வே உள்ள கார்களில் இந்தச் சோதனை டி.சி.எம். வரை எட்டாமல் போகலாம்.

கடைசியாகக் கனெக்டர். இரண்டு பருவமழையும் நனைக்கிற நம் மாவட்டத்தில், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். உறவினர் காரிலும் பின்களில் பச்சைக் களிம்பு! கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து, ரப்பர் சீலை மாற்றியதும் கார் கியரை ஏற்றுக்கொண்டது. எலி கடித்த வயரும் இதே கோடைத் தரும்.

எல்லாம் சரியாக இருந்து டி.சி.எம். மட்டும் பேச மறுத்தால் மாற்றத்தான் வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரை எடுத்து, போல்ட்டுகளைத் திருகும் வேலை சுலபம். பார்ட் நம்பர் மட்டும் பொருந்த வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான வேலை. உங்கள் காருக்குரிய சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். அப்போது வோல்டேஜ் இறங்கினால், பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போன கதைதான்! அதனால் பேட்டரி சப்போர்ட் அவசியம். அடுத்து, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, ஒவ்வொரு கியரும் எங்கே இருக்கிறது என்று மாட்யூல் கற்றுக்கொள்ளும் ‘செல்ஃப் லேர்னிங்’. மலிவான ஓ.பி.டி. அடாப்டர்கள் கோடைப் படிக்கும்; இதையெல்லாம் செய்யாது. கம்பெனி ஸ்கேனர் தேவை.

பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் மாட்யூலில் வேறொரு கிளட்சின் அளவுகள் பதிந்திருக்கும். அதை அப்படியே மாட்டினால் கார் குலுங்கும், அல்லது நகரவே நகராது. சில மாடல்களில் பழையதை ரீகோடிங் செய்யவே முடியாது. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். பொருத்திய பின் சமதளத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பேச்சிப்பாறை ஏற்றத்துக்குப் போகலாம்.