கொடுக்கும்போது தொடங்கும் கடமை

கணிப்பொறியில் லினக்ஸ் நிறுவிப் பார்த்த மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “காசு வாங்காமல் தருகிறார்கள், விருப்பம்போல் மாற்றிக்கொள் என்றும் சொல்கிறார்கள். பிறகு உரிமம் என்று இத்தனை பக்கம் எதற்கு, சார்?”

நியாயமான கேள்விதான். ஒருவர் ஒரு நிரலை எழுதியவுடனேயே, பதிவு எதுவும் செய்யாமலே, அதற்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. ஆகவே, உரிமம் எதுவும் குறிப்பிடாமல் இணையத்தில் கிடக்கும் நிரலை நாம் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்க அனுமதி இல்லை என்றே கொள்ள வேண்டும். அந்த அனுமதியை எழுத்தில் தருவதே திறந்த மூல உரிமம். அனுமதியோடு சில நிபந்தனைகளும் வருகின்றன.

எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போன்ற உரிமங்களின் நிபந்தனை எளிது. எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் உடன் வைத்தால் போதும். ஜி.பி.எல். அவ்வளவு எளிதன்று. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம் மூல நிரல். அதைக் கம்பைலர், கணிப்பொறி இயக்கக்கூடிய எண்வரிசையாக மாற்றிவிடுகிறது. அந்த எண்வரிசையிலிருந்து மூலத்தை மீட்பது, வடித்த சோற்றிலிருந்து நெல்லை மீட்பது போன்ற வேலை! ஜி.பி.எல். நிரலை நீங்கள் உங்கள் வீட்டில் எப்படி இயக்கினாலும், எப்படித் திருத்தினாலும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. அதைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் கடமை தொடங்குகிறது. எண்வரிசையைப் பெற்றவருக்கு மூலமும் கிடைக்க வேண்டும். விலைக்கு விற்கத் தடையில்லை. மூலத்தை மறைக்கத்தான் தடை.

2002 இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரூட்டர் விற்பனைக்கு வந்தது. கம்பியில்லாமல் இணையம் தரும் சிறு பெட்டி அது. அதற்குள் இயங்குவது லினக்ஸ் என்று 2003இல் சிலர் கண்டறிந்தனர். லினக்ஸின் உரிமம் ஜி.பி.எல். அல்லவா? பெட்டியை விற்பதும் மென்பொருளைக் கொடுப்பதே ஆகும். மூல நிரல் எங்கே என்ற கேள்வி எழுந்தது. அதே ஆண்டில் நிறுவனம் அதை வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற மென்பொருள் முயற்சி தொடங்கியது. விற்றவர் நினைத்துப் பாராத வேலைகளையெல்லாம் அந்தப் பெட்டி செய்யலாயிற்று. எல்லாம் இத்துடன் சுமுகமாக முடியவில்லை. லிங்க்ஸிஸை வாங்கியிருந்த சிஸ்கோ மீது, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2009இல் அது சமரசத்தில் முடிந்தது.

‘மூலம்’ என்றால் எது? ஒரு நிரலைத் திருத்த முனைபவர் எந்த வடிவத்தை விரும்பி எடுப்பாரோ அதுவே மூலம் என்கிறது ஜி.பி.எல். நீளம் என்பதை அளக்கும் முறையைக் கொண்டு வரையறுக்கிறோமே, அதைப் போன்ற இலக்கணம் இது. இயற்பியல்காரனான எனக்கு இது மிகவும் பிடிக்கும். வேண்டுமென்றே குழப்பி எழுதிய நிரலைக் கொடுத்து ஒருவர் தப்பிக்க முடியாது. நிரலைக் கட்டமைக்கவும் நிறுவவும் உதவும் கட்டளைக் கோப்புகளும் மூலத்தில் அடக்கம். 1991இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின்படி, மூலத்தை உடன் தர வேண்டும். அல்லது, கேட்டால் தருவோம் என்று குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லும் உறுதியை எழுத்தில் தர வேண்டும். அதற்கு வாங்கும் கட்டணம், மூலத்தை அனுப்ப ஆகும் செலவைத் தாண்டக் கூடாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரே பென் டிரைவில் ஜி.பி.எல். நிரலையும், நீங்களே எழுதிய தனி விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தால், விளையாட்டும் ஜி.பி.எல். ஆகிவிடுமா? ஆகாது. அருகருகே வைப்பதால் மட்டும் ஒன்றின் உரிமம் மற்றொன்றுக்குத் தொற்றாது. ஆனால் ஜி.பி.எல். நிரலின் ஒரு பகுதியை எடுத்து உங்கள் விளையாட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் கதை வேறு. அப்போது முழு விளையாட்டையும் ஜி.பி.எல். நிபந்தனையின்படியே கொடுக்க வேண்டும்.

உங்கள் கணிப்பொறியில் டெபியன் அல்லது உபுண்டு இருந்தால் ‘யு.எஸ்.ஆர்.’ அடைவுக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘டாக்’ என்று சென்று பாருங்கள். நிறுவிய மென்பொருள்களின் பெயரில் வரிசையாக அடைவுகள் இருக்கும். ஏதேனும் ஒன்றைத் திறந்தால் ‘காப்பிரைட்’ என்ற கோப்பு கிடைக்கும். எழுதியவர் யார், உரிமம் எது என்பதை அதில் படிக்கலாம். பத்து மென்பொருள்களுக்குப் பார்த்து, எத்தனை ஜி.பி.எல்., எத்தனை எம்.ஐ.டி. என்று ஒரு பட்டியல் போடுங்கள்.