ஆங்கிலம் அறிவோம்: ‘ஓப்பன்லி’

‘ஓப்பன்’ என்பதோடு ‘லி’ சேர்ந்தால் ‘ஓப்பன்லி’. ஒளிவுமறைவின்றி, வெளிப்படையாக என்று பொருள். ஒரு செயல் எப்படி நடந்தது என்பதை இச்சொல் காட்டும்.

2016 ஜூலையில் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கடலோர மக்கள் போராடினார்கள். இதை, ‘பீப்பிள் ஓப்பன்லி அப்போஸ்டு தி போர்ட்’ எனலாம். மக்கள் துறைமுகத்தை வெளிப்படையாக எதிர்த்தனர்.

‘பப்ளிக்லி’ வேறு. அது பலர் முன்னிலையில் நடப்பது. ‘ஓப்பன்லி’ பேசக் கூட்டம் வேண்டாம். ஒருவரிடம் தனியாகவும் பேசலாம். ‘ஸ்பீக் ஓப்பன்லி டு தி டாக்டர்’: டாக்டரிடம் மறைக்காமல் பேசுங்கள். நோயை மறைத்தால் மருந்தும் தவறலாம்.

பிள்ளைகளே, இச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் அமைத்து உம்மாவிடம் சொல்லிக் காட்டுங்கள்.