பேர் சொல்லா மருந்தும் பச்சிளங்குழந்தையின் வயிறும்

அயோத்தியாப்பட்டணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளை பிறந்த வீடுகள் பலவற்றில் உரைகல் ஒன்று இருக்கும். சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றுடன், விளக்குச் சுடரில் கருக்கிய வசம்பையும் அதில் இழைத்து, தாய்ப்பாலில் குழைத்துக் குழந்தையின் நாவில் தடவுவர். வசம்பு, சதுப்பு நிலத்தில் வளரும் செடியின் கிழங்கு. கைப்பும் கார்ப்பும் உடையது. 'பிள்ளை வளர்ப்பான்' என்பது அதன் மறுபெயர். இரவில் பெயர் சொல்லிக் கேட்கலாகாது என்பதால் 'பேர் சொல்லா மருந்து' என்றும் வழங்கினர். நள்ளிரவில் கேட்டாலும் கதவைத் திறந்து வசம்பு தராத கடைக்காரருக்குத் தண்டம் உண்டென்று, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ஒயிட்லா எயின்ஸ்லி 1826இல் எழுதினார். அத்துணை நம்பிக்கை!

எனினும், பச்சிளங்குழந்தைக்கு இதனைக் கொடுக்க வேண்டாம் என்றே கூறுகிறோம். வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. இந்திய வகையில் அதன் அளவு மிகுதி. அவ்வெண்ணெயைத் தொடர்ந்து உண்ட எலிகளின் குடலில் கட்டிகள் தோன்றியமையால், உணவில் வசம்பைச் சேர்ப்பதை அமெரிக்கா 1968இல் தடை செய்தது. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று நிறுவப்படவில்லை என்பது உண்மையே. ஆனால், அளவு மிகுந்தால் ஓயாத வாந்தி உண்டாகும். உரைகல்லில் இழைக்கும்போதோ அளவு எவருக்கும் தெரிவதில்லை. மணிக்கட்டில் கட்டும் வசம்பு வளையலையும் குழந்தை சப்பும். துண்டு கழன்றால் தொண்டையில் அடைக்கும்.

"கொடுத்தவுடன் அழுகை நின்றதே" என்று பாட்டிமார் கேட்பர். அவர்கள் கண்டது பொய்யன்று. காரணமின்றி வீறிட்டழும் அழுகை பிறந்த இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கி, ஆறாம் வாரத்தில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். அடங்கும் வேளையில் கையில் இருந்த மருந்துக்குப் பெருமை சேர்ந்தது. பாலூட்டிய பின் தோளில் சாய்த்து, ஏப்பம் வரும்வரை முதுகை மெல்லத் தட்டுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் தேவையில்லை.

பச்சை நிற வாந்தி, மலத்தில் குருதி, வயிற்று உப்புசம், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். வீட்டில் எதையேனும் இழைத்துக் கொடுத்திருந்தால் மறைக்காமல் கூறுங்கள். அதற்காக இங்கு எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். அந்தப் பொருளையும் உடன் எடுத்து வாருங்கள்.