மேய்ச்சல் இல்லாத ஊரில் கறவை ஆடு

சென்னைப் புறநகரான நூம்பலில் கறவை ஆடு வைத்திருக்கிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது, "எங்கேக்கா மேயவிடுறீங்க?" என்றுதான். மேயவிடுவதே இல்லை. தரிசெல்லாம் மனையாகிவிட்டது. மிச்சமுள்ள காலி இடங்களில் புல்லைவிட பிளாஸ்டிக் பைதான் அதிகம். சோற்று வாடை ஒட்டிய பையை ஆடு விழுங்கினால் அது பெருவயிற்றிலேயே தங்கிவிடும். அப்புறம் எவ்வளவு தீனி போட்டாலும் ஆடு தேறாது. அதனால் கொட்டிலிலேயே வைத்துத் தீனி போடும் வளர்ப்புதான். வேலையில் பாதிக்கு மேல் தழை தேடுவதிலேயே போய்விடும்.

வெள்ளாடு குனிந்து மேய்வதைவிட நிமிர்ந்து இலை கடிக்கத்தான் ஆசைப்படும். தழையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே விழுந்து மிதிபட்டதை அது முகர்ந்துகூடப் பார்க்காது. சுவரோரம் அகத்தியும் கல்யாண முருங்கையும் நட்டிருக்கிறேன். பூவரசு, வேம்பு தெருவிலேயே கிடைக்கும். சூபாபுல் மட்டும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு முடியை உதிர்த்துவிடும். கோயம்பேடு சந்தையில் கழித்துப் போடும் காலிஃபிளவர் இலை மலிவுதான். ஆனால் பூச்சிமருந்து பட்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பயப்பட வேண்டியது சோற்றுக்கு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. முகூர்த்த நாளில் மிஞ்சிய சோற்றை "வீணாப் போகுதே, ஆட்டுக்குப் போடுங்க" என்று பாசமாகக் கொண்டுவருவார்கள். அரிசிச் சோறு ஆட்டின் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அசைபோடுவது நிற்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், புளித்த நாற்றத்தோடு கழியும், பிறகு எழுந்திருக்காது. இரண்டு நாளில் உயிரே போகலாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டுவது முதலுதவி. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்; கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பெரிய கொடுப்பினை. அதைவிடச் சுலபம், கொண்டுவரும் பாத்திரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவது.

ஐப்பசி மழைக்கு முன்பே குடற்புழு மருந்தும் துள்ளுமாரி நோய்த் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். மழைக்குத் துளிர்த்த இளம்புல்லைக் கண்டு வயிறு முட்டத் தின்னும் ஆட்டைத்தான் துள்ளுமாரி முதலில் சாய்க்கும். காலையில் இருந்த ஆடு மாலையில் இருக்காது. இங்கே மழை பெய்தால் தண்ணீர் எளிதில் வடியாது. ஆகவே மரப்பரண் செலவானாலும் போடுங்கள்; புழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியே கீழே இறங்கிவிடும், குளம்பும் மடியும் காய்ந்திருக்கும். ஈரத்தரையில் படுக்கும் ஆட்டுக்கு மடிநோய் நிச்சயம். கறந்து முடித்ததும் கொஞ்சம் தீனி வையுங்கள். காம்புத் துளை மூடும்வரை ஆடு நின்றுகொண்டிருக்கும்.

நான் வைத்திருப்பது தலைச்சேரி இனம். ஜமுனாபாரியின் நீண்ட காதைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. சின்ன இடத்துக்கு அந்தப் பெரிய உருவம் சரிப்படாது. பாலில் வீச்சம் என்கிறார்களே, அதில் பெரும்பங்கு பக்கத்தில் கட்டிய கிடாவால் வருவது. கிடாவைத் தள்ளி வையுங்கள், கறந்த பாலை வடிகட்டி உடனே குளிரவையுங்கள்.

பால் கேட்டு வருகிறவர்களில் சிலர் காந்தியைச் சாட்சிக்கு இழுப்பார்கள். பாலே தொடுவதில்லை என்று விரதம் இருந்தவர், நோயில் படுத்தபோது கஸ்தூரிபா சொன்ன யோசனையால் 1919-இல் ஆட்டுப்பாலுக்கு மாறினார். அது மருந்தென்று தேடிப் போனதல்ல. பச்சையாகக் குடித்தால்தான் சத்து என்பவர்களுக்கு நான் பால் தருவதில்லை. புருசெல்லா கிருமி பச்சைப்பால் வழியே மனிதருக்கும் தொற்றும். கைக்குழந்தைக்கென்று கேட்டால் அதற்கும் இல்லை. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, அதையே நம்பி வளரும் குழந்தைக்கு ரத்தசோகை வரும். "ஒரு வயசு தாண்டட்டும்மா, அதுவும் டாக்டரைக் கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறார்கள்.