பெசன்ட் நகர் கடலாமைகள்: அரசுத் துறைகளும் தன்னார்வலர்களும் – முக்கியக் குறிப்புகள்

• பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி): வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளது. சென்னைக் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடும். ஒரு குழியில் ஏறத்தாழ 100 முட்டைகள்.

• கால வரிசை: 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேகர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ஆர்வலர்கள் ஆமை முட்டைகளைத் தேடும் இரவு நடையைத் தொடங்கினர். 1980-களில் வனத்துறையே முட்டைப் பொரிப்பகம் நடத்தியது. அது நின்றபின், 1988-இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு உருவானது. முதலில் இறங்கியவர்கள் தன்னார்வலர்களே. தேர்வில் இதை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

• ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சட்டப்படி ‘வேட்டை’. எனவே வனத்துறை அனுமதி இல்லாமல் எந்த அமைப்பும் முட்டையை எடுக்க முடியாது. அதிகாரம் அரசிடம், இரவெல்லாம் நடக்கும் கால்கள் தன்னார்வலர்களுடையவை.

• களப்பணி: நீலாங்கரை – பெசன்ட் நகர் மணலில் ஆமையின் துடுப்புத் தடத்தைத் தேடி நடப்பார்கள். தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகினால் கையால் தோண்டுவார்கள். முட்டைகளைப் புரட்டாமல் பையில் வைத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி எடுத்துப் புதைப்பார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும்.

• குஞ்சுகள் வெளிச்சம் உள்ள திசைக்கே போகும். அவை ஊர்ப் பக்கம் திரும்பாமலிருக்கக் கடற்கரை விளக்கை அணைக்க வேண்டும். அணைப்பது வனத்துறையால் ஆகாது. அது மாநகராட்சியின் வேலை.

• ஆமைகள் பெரும்பாலும் சாவது கடலில்: இழுவை மடி வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை உண்டு (தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983). அமலாக்கம் மீன்வளத் துறையிடம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. பொரிப்பகம் எத்தனை வைத்தாலும், கடலில் சட்டம் நடக்காவிட்டால் பயனில்லை.

• 2002: ட்ரீ பவுண்டேஷன், நீலாங்கரை, நிறுவியவர் சுப்ரஜா தாரிணி. மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியது.

• அரசியலமைப்பில் சுற்றுச்சூழல், வனவிலங்குப் பாதுகாப்பு: பிரிவு 48ஏ அரசின் கடமை, பிரிவு 51ஏ(ஜி) குடிமகனின் கடமை. இரண்டும் 42-ஆவது திருத்தம், 1976.

• முதன்மைத் தேர்வில் ‘தொண்டு நிறுவனங்களின் பங்கு’ என்று கேட்டால் இந்த எடுத்துக்காட்டையே எழுதுங்கள். பருவத்தில் ஆமை நடைக்குப் பொதுமக்களும் போகலாம். ஓரிரவு நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.