மருதோன்றிப் பூ மணக்கவில்லையா?

வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனிக்கும் கொட்டாஞ்சேனை முற்றத்துக்கும் மருதோன்றி அருமையான செடி. பென்சில் தடிப்புள்ள தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நடுங்கள். நல்ல வெயில் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். சாடியின் கீழ்த்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், டெங்கு நுளம்பு பெருகும். பூ கிளை நுனியில்தான் வரும். இலைக்காக ஓயாமல் கொய்தால் பூவைக் காணமாட்டீர்கள்.

பூத்த பிறகும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் மணம் மங்கலாகவே தெரியலாம். மூக்கில் கோளாறில்லை. இந்த மணத்தில் முக்கியமானது பீட்டா-அயனோன் என்ற வேதிப்பொருள். அதை உணரும் திறன் ஓஆர்5ஏ1 என்ற மரபணுவைப் பொறுத்தது என 2013இல் ஆய்வாளர்கள் காட்டினர். சிலருக்கு அந்த மணம் புளித்த வாடையாகவும் படும். செடி வைக்குமுன் பூங்கொத்தொன்றை எல்லோரும் முகர்ந்து பாருங்கள். மணம் தெரியாதவருக்காகப் பக்கத்திலேயே ஒரு மல்லிகையும் நடுங்கள்.