எடிட்டிங்ல இருந்த குரல் எக்ஸ்போர்ட்ல எங்கே போச்சு?

"அக்கா, எடிட் பண்ணும்போது நல்லாத்தான் இருந்துச்சு. எக்ஸ்போர்ட் பண்ணினா சவுண்டு சகிக்கலை." குரோம்பேட்டையில கேக் கிளாஸ் எடுக்கிறவளும் சேலையூர்ல டியூஷன் வீடியோ போடுறவளும் பெருங்களத்தூர்ல புடவை விக்கிறவளும் இதையேதான் சொல்றாங்க. சொன்ன கையோட சாஃப்ட்வேரைத் திட்டிட்டு, அதை அழிச்சுட்டு வேற ஒண்ணு இறக்குறாங்க. அதனால ஒண்ணும் மாறாது தங்கச்சி. எந்த இடத்துல கெட்டுச்சுன்னு முதல்ல கண்டுபிடி.

எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை, எடிட் பண்ணின அதே மெஷின்ல, அதே ஹெட்போன்ல கேளு. நல்லா இருக்கா? அப்போ ஃபைல் மேல தப்பில்லை, அனுப்பின வழியிலதான் கெட்டிருக்கு. வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா அது தன் பங்குக்கு ஒரு தடவை சுருக்கும். டாக்குமென்ட்டா அனுப்பு, உள்ளது உள்ளபடி போய்ச் சேரும். தோழி எடுத்துக் கொடுக்கிற கிளிப்பையும் அப்படியே கேட்டு வாங்கு. வாட்ஸ்அப்ல வந்ததை எடிட் பண்ணி, எக்ஸ்போர்ட் பண்ணி, திரும்ப வாட்ஸ்அப்ல விடுறது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கிற கதை.

ஃபைலே மோசமா இருந்தா எக்ஸ்போர்ட் செட்டிங்கைத் திற. எல்லாரும் 1080, 4கேன்னு படத்தைப் பார்ப்பாங்க, ஆடியோ பக்கம் தலையே வைக்க மாட்டாங்க. கோடெக் ஏஏசி, சாம்பிள் ரேட் 48,000 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோன்னா பிட்ரேட் 384 கேபிபிஎஸ், மோனோன்னா 128. யூடியூப் தன் உதவிப் பக்கத்துல சொல்ற அளவும் இதுதான். 'சின்ன ஃபைல்'னு இருக்கிற ரெடிமேட் செட்டிங் சிலது ஆடியோவை 64க்கு இறக்கிடும். அங்கே மிச்சம் பிடிக்கிறதுல அர்த்தமே இல்லை. 10 நிமிஷ வீடியோவுக்கு 384லயே ஆடியோ சுமார் 29 எம்பிதான், படம்தான் நூத்துக்கணக்குல தின்னுது.

அடுத்தது லெவல். மீட்டர்ல 0 டெசிபல்தான் கூரை. அதைத் தாண்டுற சத்தம் மேல வெட்டுப்பட்டு 'கரகர'ன்னு வரும். குரல் தனியா சரியா இருக்கும், பாட்டும் தனியா சரியா இருக்கும், ரெண்டும் சேர்ந்தா கூரையில முட்டும். பேச்சோட உச்சம் -6லேர்ந்து -3க்குள்ள நிக்கட்டும். பாட்டை அதுக்கு 15, 20 டெசிபல் கீழே வை. மொத்தம் -1ஐத் தாண்ட வேண்டாம். யூடியூப் ரொம்ப சத்தமா இருக்கிறதைக் குறைக்கும், ஆனா மெல்லிசா இருக்கிறதைத் தூக்கி விடாது. கம்ப்யூட்டர்ல வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தா 'கன்டென்ட் லவுட்னஸ்'னு ஒரு எண் வரும். அங்கே -8னு இருந்தா, யூடியூபோட அளவுக்கு 8 டெசிபல் கீழே நீ முணுமுணுக்கிறேன்னு அர்த்தம்.

இனி சொல்றது நிறைய பேரை அலைய விடுற விஷயம். ஹெட்போன்ல குரல் இருக்கு, போன் ஸ்பீக்கர்ல கேட்டா பாட்டு மட்டும் ஓடுது, பேச்சைக் காணோம்! ஜிஎஸ்டி ரோடு கல்யாண மண்டபத்துல மேடை மைக்கையோ மிக்சரையோ பொருந்தாத கேபிள்ல கேமராவோட ஸ்டீரியோ சாக்கெட்டுக்குக் கொண்டு வந்தா இது நடக்கும். இடது காதுல போற அலை மேலே ஏறும்போது வலது காதுல அதே அலை கீழே இறங்கும். தனித்தனியா கேட்டா ரெண்டும் குரல்தான். பல போன்கள் ரெண்டையும் ஒண்ணாக் கூட்டித்தான் ஒலிக்கும், கூட்டினா ஒண்ணை ஒண்ணு அடிச்சுப் பூஜ்யமாயிடும். மருந்து சுலபம்: கிளிப்போட ஆடியோவை மோனோவா மாத்தி, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து ரெண்டு காதுக்கும் கொடு. பிரீமியர்ல 'ஃபில் ரைட் வித் லெஃப்ட்'னே ஒரு எஃபெக்ட் இருக்கு, டாவின்சி ரிசால்வ்ல கிளிப் ஆட்ரிபியூட்ஸ்ல மாத்தலாம். ஒரு காதுல மட்டும் குரல் கேக்குதுன்னாலும் வைத்தியம் இதேதான், குரல் இருக்கிற பக்கத்தை எடுக்கணும், அவ்வளவுதான்.

புளூடூத் இயர்போன் மைக்ல ரெக்கார்டு பண்ணினியா? அது பெரும்பாலும் போன் பேசுற தரத்துல, 8,000 இல்லைன்னா 16,000 ஹெர்ட்ஸ்லதான் பதியும். 'ஸ'வும் 'ஷ'வும் மழுங்கிப் போயிருக்கும். எக்ஸ்போர்ட்ல 48,000 வச்சாலும் பதியாதது திரும்பி வராது. சட்டையில குத்துற வயர் மைக் போதும்.

வெளிச் சத்தம் வேற விவகாரம். நம்ம பக்கத்துல அமைதியான மூலை எது? பொழிச்சலூர்ல விமானம், சேலையூர்ல விமானப்படைப் பயிற்சி விமானம், சானடோரியத்துல மின்சார ரயில், ஆடி மாசம் எல்லா இடத்துலயும் அம்மன் கோயில் ஸ்பீக்கர். ஃபேன் சத்தமும் ரயிலோட கடகடப்பும் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில இருக்கும். 'ஹை பாஸ் ஃபில்டர்' 80லேர்ந்து 100 ஹெர்ட்ஸுக்குள்ள வச்சா பாதி அடங்கிடும். பெண் குரலோட அடி ஸ்தாயி சுமார் 165க்கு மேலதான், அதனால நமக்கு நஷ்டமில்லை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் 'ம்ம்ம்'னு இழுத்தா லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ரெக்கார்டு பண்ணு. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடுற நேரம் ரெக்கார்டிங்கே வேண்டாம், பழைய மாடல் இன்வெர்ட்டர்ல ஃபேன் கூடுதலா உறுமும்.

மிச்சச் சத்தத்தைக் கழிக்க ஆடாசிட்டின்னு ஒரு ஆடியோ சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம். அதுக்குத்தான் பேச ஆரம்பிக்கும் முன்னாடி 5 செகண்ட் வாய் திறக்காம அறைச் சத்தத்தை மட்டும் பதியணும். அந்தத் துண்டைக் காட்டினா அதே சத்தத்தை மத்த இடத்துலேர்ந்து கழிக்கும். 6லேர்ந்து 12 டெசிபலோட நிறுத்திக்கோ. பேராசைப்பட்டா குரல் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி ஆயிடும். ரயில் ஹார்ன் மட்டும் எந்த ஃபில்டருக்கும் மசியாது, குரல் இருக்கிற ஸ்தாயியிலயே அதுவும் உக்காந்திருக்கு. ஹார்ன் விழுந்த வாக்கியத்தை ரயில் போனதும் முதல்லேர்ந்து சொல்லிடு.

ரெக்கார்டிங் தொடங்கும்போது இதைச் சொல்லிப் பாரு: "பல்லாவரம், பம்மல், பெருங்களத்தூர். சேலையூர், சிட்லபாக்கம், சானடோரியம்." முதல் மூணுல 'டப் டப்'னு காத்து அடிச்சா மைக்கை வாய்க்கு நேரா வைக்காம பக்கவாட்டுல நகர்த்து. அடுத்த மூணுல 'ஸ்ஸ்'னு குத்தினா கொஞ்சம் தள்ளி வை. முழு வீடியோவையும் எக்ஸ்போர்ட்ல போட்டுட்டு ஒரு மணி நேரம் காத்திருக்காதே. இந்த வரியும் பாட்டு கலக்குற இடமும் வர்ற 20 செகண்டை மட்டும் எடுத்து, போன் ஸ்பீக்கர்ல ஒரு தடவை, இயர்போன்ல ஒரு தடவை, வீட்டு டிவியில ஒரு தடவை கேளு. மூணுலயும் பேச்சு புரிஞ்சா முழுசையும் போடு. யூடியூப்ல ஏத்தி, அங்கேயும் ஒரு தடவை கேக்கிற வரைக்கும் மெமரி கார்டை மட்டும் ஃபார்மேட் பண்ணிடாதே.